போகிமான் ஜங்கிள் செட்: 64 கார்டுகளையும் ஏமாறாமல் சேர்ப்பது எப்படி

பழைய டிரேடிங் கார்டு செட் ஒன்றை முழுதாகச் சேர்க்க நினைப்பவர்களுக்கு முதல் செட்டாக ஜங்கிளைத்தான் பரிந்துரைப்பேன். விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 1999 ஜூனில் ஆங்கிலத்தில் வெளியிட்ட இந்தச் செட்டில் மொத்தம் 64 கார்டுகள். பட்டியலுக்கு வெளியே ஒளிந்திருக்கும் ரகசியக் கார்டு எதுவும் இல்லை. செட்டின் மொத்த விலையைத் தனியாளாக மேலே இழுத்துப் போகும் சாரிஸார்ட் போன்ற ஒற்றைக் கார்டும் இல்லை. பொறுமை இருந்தால் முடிக்கக்கூடிய செட் இது.

ஆனாலும் பாதியில் விட்டவர்கள் நிறைய. பெரும்பாலும் பணம் போதாமல் நின்றவர்கள் இல்லை. வாங்கும் வரிசையைத் தலைகீழாக்கியவர்கள். விலை உயர்ந்த ஹோலோவை (படம் மின்னும் கார்டை) முதலில் வாங்கிவிட்டு, அது அசலா என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் ஒரு கார்டும் இல்லாமல் தவிப்பார்கள். மலிவான கார்டுகளில் தொடங்கி, அவற்றை வைத்தே கண்ணைப் பழக்கிக்கொண்டு, விலை கூடியவற்றுக்குக் கடைசியில் வர வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

1. எந்த ஜங்கிள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஆங்கில ஜங்கிள் இரண்டு அச்சுகளில் வந்தது: ஃபர்ஸ்ட் எடிஷன், அன்லிமிடெட். ஃபர்ஸ்ட் எடிஷன் போகிமான் கார்டுகளில் படச்சட்டத்துக்குக் கீழே இடதுபுறம் வட்டத்துக்குள் 1 என்ற முத்திரை இருக்கும். அன்லிமிடெட்டில் அது இருக்காது. முதல் செட்டான பேஸ் செட்டில் பேசப்படும் ஷேடோலெஸ் (படச்சட்டத்துக்கு நிழல் இல்லாத அச்சு) என்ற வகை ஜங்கிளில் கிடையாது. ‘ஷேடோலெஸ் ஜங்கிள்’ என்று யாராவது விற்றால், அவருக்குச் செட் தெரியவில்லை அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

செட்டின் சின்னம் வைல்ப்ளூம் என்ற போகிமானின் பூ. படச்சட்டத்தின் கீழ் வலது மூலையை ஒட்டி இருக்கும். அன்லிமிடெட் ஹோலோ கார்டுகளில் ஒரு பகுதி இந்தச் சின்னம் விடுபட்டே அச்சாகிவிட்டது. பதினாறு ஹோலோவுக்குமே இப்படிப்பட்ட ‘நோ சிம்பல்’ பிரதி உண்டு. இவை தனிச் சேகரிப்பு. 64-ஐ முடிக்க இவை தேவையில்லை.

உங்கள் இலக்கை ஒரே வரியில் எழுதி வையுங்கள். உதாரணமாக: ‘அன்லிமிடெட், 64 கார்டுகள், லேசான தேய்மானம் வரை சரி, கிரேடு செய்யாதவை (நிறுவனம் சோதித்து மதிப்பெண் தராதவை).’ அச்சும் நிலையும் இதில் தெளிவாக இருக்க வேண்டும். ‘கிடைத்ததை வாங்கலாம், பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்று தொடங்கினால் பாதிக் கார்டுகளை இரண்டு முறை வாங்குவீர்கள். மாற்றும்போது பழையதை விற்கத் தரகும் தபாலும் உங்கள் தலையில்தான் விழும்.

முதல் முறை சேர்ப்பவருக்கு என் பரிந்துரை அன்லிமிடெட். ஃபர்ஸ்ட் எடிஷன் ஹோலோக்களின் விலை அதைவிடப் பல மடங்கு. அந்த விலையில் ஒரு தவறு செய்வதும் பெரிய இழப்பு.

2. எண் வாரியாகப் பட்டியல் போடுங்கள்

கார்டின் கீழ் வலது மூலையில் 11/64 என்பது போல எண்ணும், பக்கத்தில் கார்டு எவ்வளவு அரிது என்பதன் குறியும் இருக்கும். கறுப்பு வட்டம் காமன் (எளிதில் கிடைப்பது), சாய்சதுரம் அன்காமன் (அதைவிடக் குறைவாகக் கிடைப்பது), நட்சத்திரம் ரேர் (அரிது). செட்டின் அமைப்பு நேர்த்தியானது: 1 முதல் 16 வரை ஹோலோ ரேர், 17 முதல் 32 வரை ஹோலோ இல்லாத ரேர், 33 முதல் 48 வரை அன்காமன், 49 முதல் 64 வரை காமன். கடைசி எண்ணான 64/64 போகே பால். செட்டில் உள்ள ஒரே டிரெய்னர் கார்டு (போகிமான் அல்லாத உதவிக் கார்டு) அதுதான்.

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இந்த ரேர் கார்டுகளில். 17 முதல் 32 வரை உள்ளவை, 1 முதல் 16 வரை உள்ள அதே போகிமான்கள், அதே படங்கள், அதே நட்சத்திரக் குறி. மின்னும் படம் இருக்காது, அவ்வளவுதான். ஹோலோவின் எண்ணோடு 16-ஐக் கூட்டினால் அதன் ஹோலோ இல்லாத ஜோடி கிடைக்கும். ஸ்கைதர் 10, ஜோடி 26. ஸ்னார்லாக்ஸ் 11, ஜோடி 27. விற்பவர் பெயரை மட்டும் எழுதி, ஒளி படாத கோணத்தில் படம் போட்டிருந்தால் எண்ணைக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள். 27/64-ஐ 11/64 விலைக்கு வாங்கிவிட்டுத் திருப்பித் தரப் போராடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஸ்பிரெட்ஷீட்டில் எண், பெயர், அச்சு, நிலை, கார்டு விலை, தபால், வாங்கிய நாள், விற்றவர், படத்தின் கோப்புப் பெயர் என்று பத்திகள் வைத்துக்கொள்ளுங்கள். தபால் செலவைத் தனிப் பத்தியாக வைப்பது முக்கியம். காமன் கார்டுகளை ஒவ்வொன்றாக வாங்கினால் கார்டைவிடத் தபாலுக்கே அதிகம் போகும். அது எண்ணாகக் கண் முன்னால் நின்றால்தான் கை நிற்கும்.

3. விலையை விற்றுமுடிந்த பட்டியலில் பாருங்கள்

கேட்கும் விலை யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஈபேயில் ‘சோல்ட்’ என்ற வடிகட்டியைப் போட்டால் கடந்த 90 நாட்களில் உண்மையில் விற்றவை தெரியும். அதிலும் குறுக்குக் கோடு போட்ட விலை இருந்தால், பேரம் பேசி அதைவிடக் குறைவாக முடித்திருக்கிறார்கள் என்று பொருள். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு கார்டுக்குக் குறைந்தது ஐந்து விற்பனையாவது பார்த்து, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் தள்ளிவிட்டு நடுவில் உள்ளதை எடுங்கள். கார்டு விற்பனைத் தளமான டிசிஜிபிளேயரின் மார்க்கெட் விலையும் நடந்த விற்பனைகளை வைத்துக் கணிக்கப்படுவதுதான்.

கார்டின் நிலையைக் குறிக்கும் சொற்கள் தளத்துக்குத் தளம் மாறும். டிசிஜிபிளேயரில் நியர் மின்ட்டுக்கு (ஏறக்குறைய புதியது) அடுத்த படி லைட்லி பிளேய்ட் (லேசாகத் தேய்ந்தது). ஐரோப்பாவின் கார்ட்மார்க்கெட்டில் நியர் மின்ட்டுக்குக் கீழே எக்ஸலன்ட், அதற்குக் கீழே குட், அதற்கும் கீழேதான் லைட் பிளேய்ட். பெயர் ஏறக்குறைய ஒன்று. கார்டின் நிலையோ வெகு தூரம். ஒரு தளத்தின் பழக்கத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோய் ‘இவ்வளவு மலிவாக இருக்கிறதே’ என்று வாங்கினால், மடிப்பும் வெளுப்புமாகக் கார்டு வந்து சேரும்.

ஹோலோக்களில் ஜோல்டியான், வேபோரியான், ஃப்ளேரியான், ஸ்னார்லாக்ஸ், ஸ்கைதர் ஆகியவற்றுக்குத்தான் எப்போதும் தேவை அதிகம். காமன்களில் 60/64 பிகாச்சுவும் 51/64 ஈவியும் மற்றவற்றைவிட விலை கூடியவை. மொத்த பட்ஜெட்டில் பெரும்பங்கு பதினாறு ஹோலோவுக்கே போகும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

4. பழைய பேக் வாங்கிப் பிரிக்காதீர்கள்

ஒரு ஜங்கிள் பேக்கில் (உள்ளே எது என்று தெரியாமல் வாங்கும் மூடிய பொட்டலம்) 11 கார்டுகள்: ஒரு ரேர், மூன்று அன்காமன், ஏழு காமன். ஏறக்குறைய மூன்று பேக்குக்கு ஒன்றில்தான் அந்த ரேர் ஹோலோவாக இருக்கும். 36 பேக் கொண்ட முழுப் பெட்டியைப் பிரித்தாலும் சுமார் 12 ஹோலோ வரும். அவற்றில் ஒரே கார்டு திரும்பத் திரும்ப வருவதைக் கணக்கிட்டால், சராசரியாக எட்டு அல்லது ஒன்பது வகைதான் கையில் நிற்கும். பதினாறில் பாதிதான் அது. அந்தப் பெட்டியின் விலையில் முழுச் செட்டையும் கார்டு கார்டாக வாங்கிவிட்டு மிச்சமும் பார்க்கலாம்.

உதிரியாக விற்கப்படும் பேக் இன்னும் மோசம். ஹோலோ கார்டு சற்றே கனமானது என்பதால் துல்லியத் தராசில் எடை போட்டு, கனமானவற்றை ஒதுக்கிவிட்டு மீதியை விற்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். எடையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாத உதிரிப் பேக்கை, எடை பார்த்து ஒதுக்கியது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பிரித்து மறுபடி ஒட்டிய பேக்குகளும் உலவுகின்றன.

5. காமன், அன்காமன் கார்டுகளை மொத்தமாக வாங்குங்கள்

33 முதல் 64 வரையிலான 32 கார்டுகளையும் ஒரே விற்பவரிடம் ஒரே கட்டாகத் தேடுங்கள். முழுதாகக் கிடைக்காவிட்டால் இருபது, இருபத்தைந்து கார்டு கொண்ட கட்டாக எடுத்து, விடுபட்டதை இன்னொருவரிடம் சேர்த்து வாங்குங்கள். அதே ஆளிடம் ஹோலோ இல்லாத ரேர்களும் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரே பொட்டலத்தில் வந்தால் தபால் ஒருமுறைதான்.

கட்டுகளில் வேறு செட் கார்டுகள் கலந்து வரும். 2000-ல் வந்த பேஸ் செட் 2, பேஸ் செட்டிலிருந்தும் ஜங்கிளிலிருந்தும் கார்டுகளை எடுத்து மறுபடி அச்சிட்ட செட். ஸ்கைதர், பின்சர், விக்லிடஃப் எல்லாம் அதே படத்தோடு அதில் இருக்கின்றன. அதன் எண்கள் 130-இல் முடியும். சின்னத்தைவிட எண்ணை நம்புங்கள்: கீழே 64 என்று இல்லாவிட்டால் அது உங்கள் கார்டு இல்லை. 62-இல் முடிந்தால் ஃபாசில் செட்.

இந்த முதல் கட்டு வந்தவுடன் அதிலிருந்து நல்ல நிலையில் உள்ள இரண்டு மூன்று காமன்களைத் தனியாக எடுத்து வையுங்கள். இனி வாங்கும் ஒவ்வொரு ஹோலோவையும் இவற்றோடு ஒப்பிடப் போகிறீர்கள். மலிவான காமனைப் போலி அடிப்பது அபூர்வம் என்றாலும், அளவுகோலாக வைக்கும் கார்டுகளை வெவ்வேறு இருவரிடமிருந்து வந்தவையாகத் தேர்ந்தெடுத்தால் நல்லது. ஃபர்ஸ்ட் எடிஷன் சேர்ப்பவர்கள் முத்திரை உள்ள காமனை வைத்துக்கொள்ள வேண்டும்.

6. ஹோலோ வாங்கும்போது கேட்க வேண்டிய படங்கள்

பட்டியலில் போட்ட ஒற்றைப் படத்தை நம்பி ஹோலோ வாங்கக் கூடாது. விற்பவரிடம் நான்கு படம் கேளுங்கள்: ஸ்லீவிலிருந்து (மெல்லிய பிளாஸ்டிக் உறை) எடுத்த முன்பக்கம், பின்பக்கம், விளக்கைச் சாய்வாகப் பிடித்து எடுத்த ஹோலோ பகுதி, நான்கு மூலைகளின் நெருக்கப் படம். நல்ல விற்பவர் முகம் சுளிக்காமல் அனுப்புவார். மறுப்பவரை விட்டுவிடுங்கள். இந்தக் கார்டுகள் ஒன்றும் கிடைக்காதவை அல்ல. அடுத்த வாரம் இன்னொன்று வரும்.

நேர் வெளிச்சத்தில் எடுத்த படம் ஹோலோ கீறலை முழுதாக மறைத்துவிடும், அதனால்தான் சாய்வு ஒளி. பின்பக்கத்தில் நீல ஓரங்கள் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். தேய்மானம் முதலில் தெரியும் இடம் அதுதான். மேற்பரப்பு பளபளப்பாக இருந்தும் ஓரம் மட்டும் ஒரே சீரான கருநீலமாக இருந்தால், வெளுப்பை மார்க்கர் பேனாவால் மறைத்திருக்கலாம். புற ஊதா விளக்கில் அந்த மை பெரும்பாலும் வேறு நிறமாகத் தெரியும். முன்பக்கத்தில் குறுக்கே ஓடும் மெல்லிய நேர்க்கோடு அச்சுக்கோடாக இருக்கலாம். அது தொழிற்சாலையிலேயே வந்த குறை. கையால் ஏற்பட்ட கீறல் அல்ல. ஆனால் கிரேடிங்கில் அதற்கும் மதிப்பெண் குறையும்.

மடிப்பு வேறு, அழுத்தத் தழும்பு வேறு. காகிதம் உடைந்து வெள்ளைக் கோடு தெரிந்தால் மடிப்பு. அந்தக் கார்டு எவ்வளவு பளபளத்தாலும் கீழ்நிலைதான். ‘சின்ன பெண்ட்’ (வளைவு) என்று எழுதியிருந்தால் பின்பக்கத்தின் சாய்வு ஒளிப் படத்தைக் கட்டாயம் கேளுங்கள்.

7. கையில் வந்ததும் அசலா என்று சோதியுங்கள்

திருப்பி அனுப்பும் கெடு ஓடிக்கொண்டிருக்கும், அதனால் பொட்டலம் வந்த அன்றே சோதியுங்கள். அசல் கார்டு 63 மில்லிமீட்டர் அகலம், 88 மில்லிமீட்டர் உயரம். உங்கள் அளவுகோல் காமனோடு சேர்த்துப் பிடித்து நான்கு பக்கமும் விரலால் தடவுங்கள். ஒரு பக்கம் உள்வாங்கி இருந்தால் ஓரத்தை வெட்டிச் சீர் செய்திருக்கலாம்.

அடுத்து ஒளி. இருட்டறையில் போன் டார்ச்சைக் கார்டின் பின்னால் வைத்து, பக்கத்தில் காமனையும் அதே போலப் பிடியுங்கள். அசல் கார்டின் நடுவில் ஒளியைத் தடுக்கும் இருண்ட அடுக்கு ஒன்று உண்டு. போலிகள் பல அந்த அடுக்கு இல்லாத சாதாரண அட்டையில் அச்சானவை. வெளிச்சம் தாராளமாக ஊடுருவும். ஓரத்தை உற்றுப் பார்த்தாலும் அந்த மெல்லிய கருங்கோடு தெரியும். ஹோலோவில் படலம் இருப்பதால் காமனைவிட ஒளி குறைவாகவே வரலாம். கூடுதலாக வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

மூன்றாவதாக, 30 மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வாங்குங்கள். இந்த வேலையில் செய்யும் செலவுகளிலேயே மிகவும் பயனுள்ளது அது. அசலில் வண்ணப் பகுதி ஒழுங்கான புள்ளி வடிவங்களாகவும், கறுப்பு எழுத்துகள் புள்ளியே இல்லாத கெட்டிக் கறுப்பாகவும் இருக்கும். ஸ்கேன் செய்து அடித்த போலியில் எழுத்தும் வண்ணப் புள்ளிகளால் ஆகி, விளிம்பு மங்கலாக இருக்கும். ஃபர்ஸ்ட் எடிஷன் முத்திரையையும் இதே லூப்பில் உங்கள் காமனின் முத்திரையோடு வைத்துப் பாருங்கள், ஏனெனில் அன்லிமிடெட் கார்டில் பின்னால் முத்திரை அடித்து விற்பதும் நடக்கிறது. கார்டு அசலாக, முத்திரை மட்டும் போலியாக இருக்கும்; மற்ற சோதனைகளில் அது தேறிவிடும்.

ஒரு விதிவிலக்கு: 33/64 பட்டர்ஃப்ரீயின் ஃபர்ஸ்ட் எடிஷன் முத்திரையில் 1 என்ற எண் ஆங்கிலச் சிறிய ‘d’ எழுத்தைப் போலத் தெரியும் பிரதிகள் உண்டு. அது சேகரிப்பவர்கள் அறிந்த அச்சுப் பிழை. போலி என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

நோ சிம்பல் கார்டு வாங்குபவர்கள், சின்னம் இருக்க வேண்டிய இடத்தைச் சாய்வு ஒளியில் பாருங்கள். சுரண்டியோ அழித்தோ எடுத்திருந்தால் அங்கு மட்டும் மினுமினுப்பு மாறியிருக்கும்.

8. கிரேடு செய்த கார்டு வேண்டுமா?

பி.எஸ்.ஏ., பெக்கெட், சி.ஜி.சி. ஆகிய நிறுவனங்கள் கார்டைச் சோதித்து 10 வரை மதிப்பெண் தந்து பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகின்றன. உறை மேல் உள்ள சான்று எண்ணை அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, பெயரும் எண்ணும் மதிப்பெண்ணும் பொருந்துகிறதா என்று பாருங்கள். போலி உறைகளில் உண்மையான கார்டு ஒன்றின் எண்ணையே போட்டுவிடுகிறார்கள். எனவே தளத்தில் அந்தக் கார்டின் படம் இருந்தால், நான்கு ஓரங்களின் அகல விகிதமும் அச்சுக் குறிகளும் ஒத்துப்போகின்றனவா என்றும் ஒப்பிட வேண்டும்.

நீங்களே அனுப்புவதானால் கட்டணத்தோடு இருவழித் தபால், காப்பீடு, காத்திருப்பு எல்லாம் சேரும். கட்டணம் கார்டின் மதிப்பைப் பொறுத்து ஏறும். திரும்பி வர மாதக்கணக்கிலும் ஆகலாம். என் கணக்கு எளிது: நீங்கள் எதிர்பார்க்கும் மதிப்பெண்ணுக்கு ஒன்று குறைவாக வந்தாலும் எல்லாச் செலவும் திரும்புமா? திரும்பாது என்றால் அனுப்பாதீர்கள். அன்லிமிடெட் செட்டில் இந்தக் கணக்கில் தேறுவது விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஹோலோக்களே. காமன்களை அனுப்புவது வீண்.

9. பணமும் ஆவணங்களும்

பேபாலில் ‘ஃபிரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலி’ முறையில் அனுப்பினால் வாங்குபவருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. சரக்கு வாங்கும் முறையில் அனுப்பினால் 180 நாட்களுக்குள் புகார் செய்யலாம். கட்டணத்தை மிச்சப்படுத்த முதல் முறையைக் கேட்கும் விற்பவரிடம், கட்டணத்தை நானே தருகிறேன் என்று சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் விலகிவிடுங்கள். ஈபேயின் பணம் திரும்பும் உத்தரவாதத்துக்குப் பொதுவாகக் கிடைப்பது 30 நாட்களே.

வெளிநாட்டிலிருந்து வாங்கினால் சுங்க வரியையும் கூரியர் கையாளும் கட்டணத்தையும் முதலிலேயே சேர்த்துக் கணக்கிடுங்கள். மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். அது சட்டப்படி தவறு. பொட்டலம் தொலைந்தால் அந்தக் குறைந்த தொகைதான் திரும்பவும் கிடைக்கும்.

ஒவ்வொரு வாங்கலுக்கும் ஒரு கோப்புறை திறந்து, விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், உரையாடல், ரசீது, டிராக்கிங் எண், பொட்டலத்தைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ ஆகியவற்றைப் போட்டு வையுங்கள். வீடியோவில் ஒட்டுப் பிரிப்பதற்கு முன் முகவரிச் சீட்டும் பொட்டலத்தின் ஆறு பக்கமும் தெரிய வேண்டும். விற்பனைப் பக்கம் சில மாதங்களில் மறைந்துவிடும்; புகார் வரும்போது ஸ்கிரீன்ஷாட் மட்டுமே உங்கள் பக்கம் நிற்கும். பிறகு காப்பீடு எடுக்கவும் விற்கவும் இதே கோப்புறைதான் ஆவணம்.

அனுப்பும் முறையையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: மெல்லிய ஸ்லீவ், அதன் மேல் டாப்லோடர் (மேலே திறந்த கெட்டிப் பிளாஸ்டிக் உறை), இருபுறமும் கெட்டி அட்டை, குமிழ் உறை. டாப்லோடரின் வாயை அடைக்க, பசை ஒட்டாமல் உரியும் பெயின்டர்ஸ் டேப் போதும். சாதாரண செல்லோ டேப்பைப் பிரிக்கும்போது பசை உள்ளே இறங்கிக் கார்டின் மேல் ஓரத்தைக் கெடுக்கும்.

10. வைத்துக் காப்பது

ஒன்பது பை கொண்ட தாளில் இருபுறமும் சேர்த்து 18 கார்டு. 64 கார்டுக்கு நான்கு தாள் போதும், எட்டுப் பைகள் காலியாக மிஞ்சும். பக்கவாட்டில் திறக்கும் பைகளாக எடுங்கள். மேலே திறப்பவற்றில் கவிழ்த்தால் கார்டு நழுவும். பாலிப்ரொப்பிலீன் என்று எழுதியிருக்க வேண்டும். பி.வி.சி. தாளில் கலந்திருக்கும் மென்மையாக்கி நாளடைவில் கசிந்து கார்டின் மேற்பரப்பில் ஒட்டும். வட்ட வளையம் கொண்ட பைண்டரில் முதுகுப் பக்கக் கார்டுகளில் வளையத்தின் தழும்பு விழும் என்பதால், வளையமே இல்லாத பைண்டர் நல்லது.

ஹோலோ கார்டு வில்லாக வளைவதற்குக் காரணம் ஈரப்பதம். காகித அடுக்கு ஈரத்தை இழுத்து விரிகிறது, மேலுள்ள படலம் விரிவதில்லை. இடத்தின் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் வளைவு குறையும். காற்றுப் புகாத பெட்டி, அதில் சிலிக்கா ஜெல், உள்ளே சின்ன ஈரமானி ஆகியவை போதும். ஜெல்லை அளவுக்கு மீறிப் போட்டு அதிகம் உலர்த்தினால் கார்டு எதிர்ப்பக்கம் வளையும். லேசாக வளைந்த கார்டைப் புத்தக அடுக்கின் கீழ் வைத்து அழுத்தாதீர்கள், இஸ்திரிப் பெட்டி பக்கமே கொண்டுபோகாதீர்கள். சரியான ஈரப்பதத்தில் சில வாரம் வைத்தால் பெரும்பாலும் தானே நிமிரும். வெயில் படும் சுவரில் சட்டம் போட்டு மாட்டினால் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும். மாட்டியே ஆக வேண்டுமென்றால் மலிவான காமன் ஒன்றைக் கூடுதலாக வாங்கி அதை மாட்டுங்கள்.